முதியோர் இல்லத்தில் தொற்றுப் பரவல்: பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் எங்கள் அம்மா அப்பாக்கள் பலர் இப்போது நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். அப்படியான ஒரு இல்லத்தில் தொற்றுத் தடுப்புத் தாதியாக வேலை செய்கிறேன். நடைபாதையில் மறித்தும், இரவில் தொலைபேசி எடுத்தும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எழுதியது முக்கியமாகப் பக்டீரியாத் தொற்றுகளைப் பற்றித்தான். பல இடங்களில் 2005இல் ஸ்காபரோவில் செவன் ஓக்ஸ் முதியோர் இல்லத்தில் நடந்த தொற்றுப் பரவலைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த அந்தச் சம்பவத்தை எங்கள் ஆட்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

வாசலில் ‘தொற்றுப் பரவல்’ என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். நிறையப் பேருக்கு வருத்தமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரே மாடியிலோ, ஒரே சாப்பாட்டு மண்டபத்திலோ இருக்கும் இரண்டு பேருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒரே மாதிரி இருமலோ வயிற்றோட்டமோ வந்தால் அதுவே எங்களுக்குப் போதும். உடனே பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்போம். பரவல் என்று அறிவிப்பதும் முடிந்தது என்று சொல்வதும் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரத்தின் பொறுப்பு, இல்லம் தானாகச் செய்வதல்ல. இந்த எண்ணிக்கையை வேண்டுமென்றே சிறிதாக வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் படுக்கும்வரை காத்திருந்தால் விசாரிக்க நேரம் இருக்காது.

அறிவித்தல் ஒட்டிய இல்லம் மோசமான இல்லம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் நான் பயப்படுவது வருஷக்கணக்காக ஒரு அறிவித்தலும் ஒட்டாத இல்லத்தைக் கண்டுதான்.

அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. பிறகு எப்படித் தொற்று என்கிறீர்கள்?

வயது போகப் போக உடம்பு சூடேறுவது குறையும். இளம் ஆட்களுக்கு 38, 39 என்று ஏறுகிற அதே தொற்று, 88 வயதுக்காரரை 37.5இல் வைத்துவிட்டு நுரையீரலை நிரப்பிவிடும். அதனால் முதியவர்களுக்கு அளவுகோல் வேறு. வாயில் ஒரு தடவை வைத்துப் பார்க்கும்போது 37.8 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தாலோ, பல தடவை 37.2க்கு மேல் இருந்தாலோ, அவருடைய வழக்கமான சூட்டைவிட 1.1 பாகை கூடினாலோ அதைக் காய்ச்சலாகவே எடுப்போம். வழக்கமான சூடு என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் மூன்றாவது கணக்கைப் போட முடியும்.

மூச்சையும் எண்ண வேண்டும். அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் நுரையீரலைச் சந்தேகிப்போம். ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் முதல் தெரிவது வேறு: சாப்பாட்டைத் தள்ளுவார்கள், பகலிலும் நித்திரை கொள்வார்கள், நேற்றுவரை எழும்பி நடந்தவர் இன்று விழுவார், பெயர் மாறிக் கூப்பிடுவார்.

விசாரணையை எங்கேயிருந்து தொடங்குவீர்கள்? ஆய்வுகூடத்திலிருந்தா?

ஒரு தாளிலிருந்து. வருத்தம் வந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி. கற்பனையாக ஒரு வரியைக் காட்டுகிறேன்:

216ஆம் அறை, ஜன்னல் பக்கக் கட்டில். பெண், 88. 27ஆம் திகதி காலை கஞ்சி நாலு கரண்டிதான். பின்னேரம் கதிரையில் சரிந்து இருந்தார், கூப்பிட்டால் கண் திறக்கிறார். 28ஆம் திகதி அதிகாலை 4 மணி: மூச்சு 28, சூடு 37.9. சாப்பாடு இரண்டாம் மாடி மண்டபம், மூன்றாம் மேசை. 24ஆம் திகதி பாட்டு நிகழ்ச்சிக்குப் போனார். வெளியே போகவில்லை. வந்தவர்: மகள், ஞாயிற்றுக்கிழமை.

இப்படி இருபது வரி சேர்ந்ததும் தாள் பேசத் தொடங்கிவிடும். எல்லோரும் ஒரே மேசையா? ஒரே தாதியின் கையா? கிழக்குப் பக்க அறைகளில் மட்டுமா? கட்டிலோடு கிடப்பவர்களுக்கும் வந்திருக்கிறதா, நடமாடுகிறவர்களுக்கு மட்டுந்தானா? எங்கும் போகாமல் அறைக்குள்ளேயே கிடப்பவருக்கு வந்திருந்தால், கிருமி அவரைத் தேடி வந்திருக்கிறது. கையால் வந்ததா, உணவால் வந்ததா, காற்றால் வந்ததா என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

இந்தத் தாளில் மிகவும் பெறுமதியான கட்டம் ‘எப்போது தொடங்கியது’ என்பதுதான். அதுதான் அனேகமாகப் பிழையாக நிரப்பப்படுகிறது. காய்ச்சல் கண்ட நேரத்தை எழுதிவிடுவார்கள். கஞ்சியைத் தள்ளிய நேரம் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. மகளைக் கேட்டால் தெரியும்.

செவன் ஓக்ஸில் என்னதான் நடந்தது?

2005 செப்ரெம்பர் கடைசியில், ரொறன்ரோ மாநகரம் நடத்தும் அந்த இல்லத்தில் முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சு முட்டி விழுந்தார்கள். ரொறன்ரோவைச் சார்ஸ் உலுக்கி இரண்டே வருஷம் ஆகியிருந்தது. கனடா முழுவதும் 44 உயிர்களை எடுத்த அந்த நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் நகரத்தைப் பிடித்தது. சார்ஸ் இல்லை, இன்புளுவென்சாவும் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார்கள். லீஜியோனெல்லா என்ற பக்டீரியாவையும் தொடக்கத்திலேயே பார்த்தார்கள். முதல் பரிசோதனைகளில் அது இல்லை என்றே வந்தது. ஆட்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

விடை ஒக்ரோபர் 6ஆம் திகதி வந்தது. இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் அந்த லீஜியோனெல்லாவே இருந்தது. இல்லை என்று தள்ளிவைத்த அதே கிருமி.

பிறகு எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். கட்டடத்தின் கூரையில் குளிரூட்டும் கோபுரம் ஒன்று இருந்தது. கட்டடத்தின் சூட்டை வெளியேற்றத் தண்ணீரைத் தூவிக் காற்றை ஊதும் இயந்திரம் அது. தூவும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கலக்கும். அந்தத் தண்ணீரில் கிருமி வளர்ந்திருந்தது. கட்டடத்துக்குள் புதுக் காற்றை இழுக்கும் வாயும் கூரையில்தான் இருந்தது. தங்கள் அறையை விட்டு அசைய முடியாதவர்களின் கட்டிலுக்கே கிருமி காற்றில் ஏறிப் போயிருக்கிறது.

எல்லாமாக 135 பேர் நோய்ப்பட்டார்கள். இல்லத்தில் வாழ்ந்தவர்கள் 70, ஊழியர்கள் 39, பார்க்க வந்தவர்கள் 21, அந்த அயலில் வாழ்ந்த அல்லது வேலை செய்த 5 பேர். இறந்தது 23 பேர், அத்தனை பேரும் இல்லத்தில் வாழ்ந்த முதியவர்கள்.

அந்த 21ஐயும் 5ஐயும் பாருங்கள். இல்லத்தில் வாழாத 5 பேர், அந்த அயலில் இருந்ததால் மட்டும் நோய்ப்பட்டார்கள். நோய் கையிலிருந்து கைக்குப் போகவில்லை, ஓர் இடத்திலிருந்து காற்றில் பரவுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். லீஜியோனெல்லாவை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோயாகக் கருதுவதில்லை. அதனால் இந்தக் கிருமி என்று தெரிந்த நிமிஷமே விசாரணையின் திசை மாறிவிடும். ஆட்களைப் பார்ப்பதை விட்டுத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்குவோம்.

பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. தேடிய முறையில் அகப்படவில்லை என்று மட்டுந்தான் அர்த்தம். இதை நான் புதிதாக வரும் தாதியருக்கும் சொல்வேன், குடும்பங்களுக்கும் சொல்வேன்.

லீஜியோனெல்லாவையே எடுங்கள். அதற்கு வழக்கமாகச் செய்வது சிறுநீர்ப் பரிசோதனை. விரைவில் முடிவு வரும், ஆனால் அது முக்கியமாக ஒரே ஒரு வகையைத்தான் பிடிக்கும், அந்த வகை இருந்தும் சில பேரில் தவறவிடும். சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது உறுதியான வழி. ஆனால் சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் இது வளராது. கரித்தூள் கலந்த தனி ஊடகம் வேண்டும், பல நாள் பொறுக்கவும் வேண்டும். வைத்தியர் ‘லீஜியோனெல்லாவைப் பாருங்கள்’ என்று எழுதிக் கேட்காவிட்டால் ஆய்வுகூடம் அந்த ஊடகத்தை எடுக்கப் போவதில்லை. அதோடு, 90 வயது அம்மாவிடம் ‘காறித் துப்புங்கள்’ என்றால் துப்புவாரா? பலருக்குச் சளி வெளியே வராது. மாதிரியே கிடைக்காத ஆளிடம் கிருமியைத் தேடுவது எப்படி?

இந்தக் கிருமியின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. 1976 ஜூலையில் பிலடெல்பியாவில் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் ஒரு விடுதியில் மாநாடு கூடினார்கள். வீடு திரும்பியவர்கள் நிமோனியாவில் சாகத் தொடங்கினார்கள். விஷமா, நச்சு வாயுவா, சதியா என்றெல்லாம் பேச்சு எழுந்தது. ஜோசப் மக்டேட் என்ற விஞ்ஞானி, முதலில் பொருட்படுத்தாமல் விட்ட கண்ணாடித் தகடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்துக் கிருமியைக் கண்டுபிடித்து, அது அறிவிக்கப்பட்டபோது 1977 ஜனவரி ஆகிவிட்டது. ஆறு மாதம். ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற அந்தப் படைவீரர்களின் சங்கத்துப் பெயரைத்தான் கிருமிக்கு வைத்தார்கள்.

உணவிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அம்மாவுக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகம் இல்லையே?

ஞாபகத்தை நம்பியிருந்தால் முதியோர் இல்லத்தில் ஒரு விசாரணையும் நடக்காது. நாங்கள் சமையலறைப் பட்டியலையும் உணவு வகைத் தாளையும் எடுப்போம். யாருக்கு அரைத்த உணவு, யாருக்கு நறுக்கிய உணவு, யாருக்கு முழுச் சாப்பாடு என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கும். அரைத்த உணவு சாப்பிடுபவர்களுக்குச் சான்ட்விச் போயிருக்காது. அவர்கள் தப்பி, முழுச் சாப்பாட்டுக்காரர் மட்டும் விழுந்திருந்தால் அந்தத் தாளே பாதி விடை.

மீதிப் பாதி ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு மாடியில் 70 பேர் என்று வையுங்கள். கோழிச் சான்ட்விச் சாப்பிட்டவர்கள் 40, அதில் நோய்ப்பட்டவர்கள் 24. நூற்றுக்கு 60. சாப்பிடாதவர்கள் 30, நோய்ப்பட்டவர்கள் 3. நூற்றுக்கு 10. சாப்பிட்டவர்களுக்கு ஆறு மடங்கு. சூப்புக்கும் பழத்துக்கும் பாலுக்கும் இதே கணக்கைப் போடுவோம். எது தனித்துத் தெரிகிறதோ அதன்மேல் சந்தேகம் விழும். சாப்பிடாத அந்த மூன்று பேருக்கு எப்படி வந்தது என்பதையும் விடக்கூடாது. பக்கத்துக் கட்டிலாக இருக்கலாம், ஒரே கழிப்பறையாக இருக்கலாம்.

இது வெறும் பாடப் புத்தகக் கதை இல்லை. 1985 செப்ரெம்பரில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி புகுந்தது. 169 முதியவர்களில் 55 பேரும், 137 ஊழியர்களில் 18 பேரும் நோய்ப்பட்டார்கள். நோய்ப்பட்ட முதியவர்களில் 19 பேர் இறந்தார்கள். நாளுக்கு எத்தனை பேர் என்று வரைந்து பார்த்தபோது இரண்டு அலை தெரிந்தது. முதல் அலை ஒரே நேரத்தில் குவிந்தது, அது ஒரு சான்ட்விச் சாப்பாட்டோடு பொருந்தியது. இரண்டாவது அலை பிறகு வந்தது, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியது. ஒரே பரவலுக்குள் இரண்டு வழி. முதலாவதை மட்டும் அடைத்துவிட்டு ஆறுதலாக இருந்திருந்தால் இரண்டாவது ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

கோபுரத்துத் தண்ணீரில் இருந்த கிருமிதான் ஆளின் நுரையீரலில் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டும் வேறாக இருக்கலாமே?

இருக்கலாம். லீஜியோனெல்லா ஆறு குளங்களிலும் குழாய்களிலும் உள்ள கிருமி. ஒரு கோபுரத்தில் கண்டவுடன் ‘இதுதான்’ என்று கை நீட்ட முடியாது. இரண்டிலிருந்தும் கிருமியை வளர்த்து, மரபணுவின் குறிப்பிட்ட துண்டுகளை ஒப்பிட வேண்டும். செவன் ஓக்ஸ் பரவலிலும் நோயாளிகளிடமிருந்து கிடைத்ததையும் அந்த இடத்துச் சூழலிலிருந்து எடுத்ததையும் அப்படித்தான் ஒப்பிட்டுப் பொருத்தினார்கள்.

அதனால்தான் ஒரு அவசர விஷயம்: மாதிரி எடுக்காமல் கோபுரத்தையோ தொட்டியையோ கழுவக்கூடாது. பயத்தில் முதல் வேலையாகக் குளோரினை ஊற்றிவிடுவார்கள். ஊற்றத்தான் வேண்டும், அதற்கு முதல் போத்தலில் தண்ணீர் எடுத்துத் திகதி போட்டு வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

பரவல் என்றால் எல்லோருக்கும் அன்ரிபயோட்டிக் கொடுத்துவிடலாமே? ஏன் யோசிக்கிறீர்கள்?

என்னிடம் கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கிருமி எது என்று தெரியாமல் கொடுத்தால் மருந்து உதவாமல் போகலாம், கெடுதலும் செய்யலாம்.

உதவாமல் போவதற்கு உதாரணம் லீஜியோனெல்லா. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதைத் தொடாது. அது உயிரணுக்களுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும். அசித்ரோமைசின், லெவொஃப்ளொக்சசின் போன்றவை வேண்டும். கிருமியின் பெயர் ஒரு நாள் முந்தித் தெரிந்தால் ஒரு நாள் முந்திச் சரியான மருந்து போகும்.

கெடுதலுக்கு உதாரணம் நான் மேலே சொன்ன 1985 பரவல். அங்கே அன்ரிபயோட்டிக் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டாவது அலையில் கூடுதலாக மாட்டினார்கள். நோய் வந்தபின் அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களில் இறப்பும் கூடுதலாக இருந்தது.

பிறகு சீ டிஃப். நல்ல பக்டீரியாக்களை மருந்து அழித்துவிட்ட குடலில் குடியேறி வயிற்றோட்டம் தரும் கிருமி அது. கியூபெக்கின் ஷேர்புரூக் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1991இல் ஒரு லட்சத்துக்கு 102 பேராக இருந்த சீ டிஃப் நோய் 2003இல் 866ஐத் தாண்டியது. ஒரு புதிய, கொடிய வகை அப்போது பரவியது. அன்ரிபயோட்டிக் பாவனை, முக்கியமாக மேலே லெவொஃப்ளொக்சசின் என்று சொன்னேனே, அந்தக் குடும்பத்து மருந்துகள், அதற்கு வழி விட்டது. ஒரு நோய்க்கு உயிர் காக்கும் மருந்து இன்னொன்றுக்குக் கதவு திறக்கிறது. நாங்கள் யோசிப்பது அதனால்தான்.

அம்மாவின் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, மணக்கிறது. இரண்டு பேருக்கு அப்படி. இதுவும் பரவலா?

அனேகமாக இல்லை. இல்லங்களில் வாழும் வயதான பெண்களில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரையானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பக்டீரியா இருக்கும். அது நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். எரிவு, அடிவயிற்று நோவு, குளிர் காய்ச்சல் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கைக்கு ஜெல் போதுமா?

சாதாரணமாகப் போதும். சீ டிஃப் என்று எழுதியிருந்தால் போதாது. அதன் வித்துகளை அல்ககோல் கொல்லாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான் கழுவிக் கொண்டுபோகும். அறைக் கதவில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நான் தாதியும் இல்லை, வைத்தியரும் இல்லை. விசாரிக்க வருபவர்கள் என்னிடம் ஏன் கேள்வி கேட்கிறார்கள்?

உங்களுக்குத்தான் தெரியும் என்பதால். இதை நான் ஒரு அம்மாவிடமிருந்து கற்றேன்.

மறதி நோய் முற்றிய ஒரு தமிழ் அம்மா. முப்பது வருஷம் கனடாவில் ஆங்கிலம் பேசியவர், நோய் வந்தபின் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. மறதி நோயில் பிறகு கற்ற பாஷை முதலில் போவது எங்கள் இல்லங்களில் தினமும் காண்பது. அவரின் தாளில் இரண்டு நாளாக ‘முறைப்பாடு எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. அந்த அம்மா முனகிக்கொண்டிருந்ததை அவர் பாட்டு என்று நினைத்திருக்கிறார். மகள் வந்து காதை வாயருகே வைத்துக் கேட்டாள். “நெஞ்சு கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு பிள்ளை, மூச்சு ஏலாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொடங்கிய நாள் எங்கள் தாளில் இரண்டு நாள் முந்தியதாக மாறியது. அந்த இரண்டு நாளால் அவர் எந்த மேசையில் இருந்தபோது தொற்றியிருக்கலாம் என்ற கணக்கே மாறியது.

ஆகவே கேட்டால் இவற்றைச் சொல்லுங்கள். கடைசியாக நன்றாக இருந்ததாக நீங்கள் கண்ட நாள். சாப்பாடு குறைந்த நாள். எந்த வேளையில் வந்து போனீர்கள், யார் யார் வந்தார்கள். வந்து போனவர்களில் யாருக்காவது பிறகு இருமலோ வயிற்றோட்டமோ வந்ததா. கடைசியைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், தாங்கள்தான் கொண்டுவந்து கொடுத்தோம் என்று ஆகிவிடுமோ என்று. செவன் ஓக்ஸில் பார்க்க வந்த 21 பேரும் நோய்ப்பட்டார்கள். அவர்கள் எதையும் கொண்டு வரவில்லை, இல்லத்திலிருந்து கொண்டு போனார்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். புட்டும் மீன் குழம்பும் கொண்டு வருகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா அதைத்தான் ஆசையாகச் சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். வயிற்றோட்டப் பரவல் நேரத்தில் என்ன, எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, மிச்சம் யாருக்குக் கொடுத்தார் என்று சொன்னால் போதும். மறைத்தால், சாப்பிடாதவர் பட்டியலில் உங்கள் அம்மா இருப்பார். அந்த ஒரு பிழை சான்ட்விச்சையும் சூப்பையும் பற்றிய கணக்கைக் குழப்பிவிடும். மிச்சம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் எறியாதீர்கள், மூடிக் கட்டி வைத்திருங்கள்.

ஊழியர்கள்தானே கொண்டு வந்திருப்பார்கள்?

சில நேரம் ஆம். எல்லாருக்கும் தொண்டையில் நோவு வருவதில்லை. நோவே இல்லாமல் ஒரு கிருமியைச் சுமப்பவரும் உண்டு. காயம் கட்டும் தாதியின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா இருந்து, கட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராகப் படுப்பது உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அதனால் அவர்களின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்போம்.

ஆனால் செவன் ஓக்ஸின் 39 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலைக்கு வந்து நோய்ப்பட்டவர்கள். இந்த இல்லங்களில் குளிக்க வார்ப்பதும் ஊட்டுவதும் எங்கள் ஊர்ப் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் கரீபியன் பெண்களும்தான். குற்றவாளியைத் தேடுகிறார்கள் என்று தோன்றினால் அவர்கள் வருத்தத்தை மறைப்பார்கள். சம்பளம் போகும் என்றால் இருமலை விழுங்கிக்கொண்டு வேலைக்கு வருவார்கள். அப்படி மறைத்த ஒவ்வொரு இருமலும் எங்கள் தாளில் ஒரு வெற்று வரி.

அப்பா இறந்துவிட்டார். பிரேத பரிசோதனைக்குக் கேட்கிறார்கள். நாங்கள் உடனே கிரியை செய்ய வேண்டும். மறுக்கலாமா?

மரண விசாரணை அதிகாரி கட்டளையிட்டால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. வைத்தியசாலை கேட்டால் உங்கள் முடிவு. ஒன்ராறியோவில் தகனத்துக்கு எப்படியும் மரண விசாரணை அதிகாரியின் சான்று வேண்டும், ஆகவே கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால், சம்மதியுங்கள். இது சொல்லக் கஷ்டமான விஷயம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். உடம்பை வெட்டக் கூடாது என்ற நம்பிக்கையை மதிக்கிறேன். என் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. ஆனால் 2005இல் உயிரோடு இருந்தவர்களின் சிறுநீர் சொல்லாததை இறந்தவர்களின் நுரையீரல்தான் சொன்னது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு எந்த மருந்து என்று உறுதியாகத் தெரிந்தது. அந்தக் குடும்பங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களை நினைக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றும்.

நேரம் முக்கியம் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். எப்போது உடலைத் தருவார்கள் என்று கேட்டு, அதற்கேற்ப ஐயரிடமோ பாதிரியாரிடமோ பேசுங்கள். முழுப் பரிசோதனை வேண்டாம், நுரையீரலில் மட்டும் மாதிரி எடுத்தால் போதுமா என்றும் கேட்கலாம்.

எப்போது முடிந்தது என்பார்கள்?

கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட எடுக்கும் காலம் ஒன்று உண்டு. லீஜியோனெல்லாவுக்கு அது இரண்டிலிருந்து பத்து நாள், சில வேளை பதினான்கு. பொதுவாகப் புதிதாக ஒருவரும் படுக்காமல் அப்படி இரண்டு சுற்றாவது போக வேண்டும். தண்ணீர் சம்பந்தப்பட்டதென்றால் கழுவியபின் எடுத்த மாதிரிகளும் சுத்தமாக வர வேண்டும், பிறகும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

அதுவரை அப்பாவைப் பார்க்க விடமாட்டார்களோ என்று பயப்படாதீர்கள். குடும்பத்தில் ஒருவரை ‘அத்தியாவசியப் பராமரிப்பாளர்’ என்று இல்லத்தில் பதிந்து வைத்தால், மற்ற விருந்தினரை நிறுத்தும் நேரத்திலும் அவருக்குப் பொதுவாக வழி இருக்கும். பரவல் வரும்முன் பதிந்து வையுங்கள்.

இல்லத்தின் கூரையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கலாமா?

தாராளமாக. 2012இல் கியூபெக் நகரத்தின் நடுவே ஒரு குளிரூட்டும் கோபுரத்திலிருந்து 180க்கும் மேற்பட்டவர்களுக்கு இதே நோய் வந்த பிறகு, அந்த மாகாணம் கோபுரங்களைப் பதிவு செய்யவும் பராமரிக்கவும் பரிசோதிக்கவும் சட்டவிதி கொண்டுவந்தது.

கோபுரம் இருக்கிறதா, கடைசியாக எப்போது லீஜியோனெல்லாவுக்குப் பரிசோதித்தீர்கள், சுடுதண்ணீரை எத்தனை பாகையில் சேமிக்கிறீர்கள், வெறுமையாகக் கிடக்கும் அறைகளின் குழாய்களை யார் திறந்து ஓட விடுகிறார்கள் என்று கேளுங்கள். தொட்டியில் 60 பாகை இருந்தால் கிருமி தாக்குப் பிடிக்காது. ஆனால் அந்தச் சூடு முதியவரின் தோலைச் சுட்டுவிடும், ஆகவே குழாய் வாயில் குளிர்ந்த நீர் கலக்கும் கருவி இருக்க வேண்டும். அதையும் கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால் இல்லத்தின் குடும்பச் சபை ஊடாக எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி குடும்பச் சபை எழுப்பும் கவலைக்கு இல்லம் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.